மூன்றாவது பிரிட்ஜுக்கு யார் பில் போட்டது?

வண்டி இன்சூரன்ஸ் சர்வேயராக இருபது வருஷம் ஓட்டினால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டப வாசலில் வரிசையாக நிற்கிற கார்களைப் பார்த்தாலும் எது எங்கே வாங்கியது, எதில் பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று கண் தானாக மேயும். "மாப்பிள்ளையப் பாருங்க, பம்பரப் பாக்காதீங்க" என்று என் மனைவி இடுப்பில் இடிப்பாள்.

அந்தக் கண்ணோடு ஒரு அனிமே தொடரை, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை, பார்க்க உட்கார்ந்ததுதான் தப்பு. அக்கா மகன் பரீட்சை முடிந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தான். "மாமா, உங்களுக்குக் கப்பல்னா பிடிக்கும்ல" என்று போட்டுவிட்டான். 1974 அக்டோபர் 6-ம் தேதி ஜப்பானில் ஒளிபரப்பு தொடங்கிய 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ'. நிஷிஸாகி யோஷினொபு தயாரிப்பு, மட்சுமோட்டோ லெய்ஜியின் கைவண்ணம். அதே நேரத்தில் இன்னொரு சேனலில் ஆல்ப்ஸ் மலைச் சிறுமியின் கதை ஓடி மொத்தப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டதால், 39 வாரம் போக வேண்டிய தொடரை 26-லேயே முடித்துவிட்டார்கள்.

கதை இது. 2199-ம் ஆண்டு. கமிலாஸ் என்ற கிரகத்துக்காரர்கள் கதிரியக்கக் குண்டுகளை வீசிப் பூமியின் கடல்களையே வற்றடித்துவிட்டார்கள். மனித இனத்துக்கு மிச்சம் ஒரே வருஷம். 1,48,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் இஸ்காண்டர் கிரகத்தில் கதிரியக்கத்தைத் துடைக்கும் கருவி இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று தகவல் வருகிறது. வற்றிய கடலடியில் துருப்பிடித்துக் கிடக்கும் இரண்டாம் உலகப்போர்க் கப்பல் யமாட்டோவை விண்கலமாக்கிக் கிளம்புகிறார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர் ஒன்று சொல்வார்: டிரைவர் பொய் சொல்வான், ஓனர் பொய் சொல்வான், தகரம் சொல்லாது. கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது, பள்ளம் எங்கே ஆழமாகத் தொடங்கி எங்கே மேலேறுகிறது, மடிப்புக்குள் துரு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எந்தப் பக்கம் அடி, எத்தனை அடி, நேற்று விழுந்ததா போன வருஷம் விழுந்ததா எல்லாம் வந்துவிடும். நானும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தேன். பையன் முதல் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டான்.

முதலில் கண்ணில் பட்டது கரும்புகை. காற்றே இல்லாத வெளியில், அடிபட்ட கப்பல் பின்பக்கம் புகையை இழுத்துக்கொண்டு போகிறது. சேதம் அதிகமானால் ஒரு பக்கம் சாய்கிறது. எதன் மேல் மிதந்துகொண்டு சாய்கிறது என்று கேட்கக் கூடாது. இது அறியாமையால் வந்த பிழை இல்லை. அடி வாங்கிய கப்பல் என்றால் புகையும் சாய்வும்தான் என்று பார்ப்பவர் மனதில் பதிந்திருக்கிறது. அதை விட்டால் வலி தெரியாது. கப்பலின் கீழ்ப்பாதிக்குச் சிவப்பு அடித்திருப்பதும் அதே வழிதான். நிஜக் கப்பலில் அந்தச் சிவப்பு, பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க நீர்க்கோட்டுக்குக் கீழே அடிக்கிற பெயிண்ட். விண்வெளியில் எந்தச் சிப்பி வந்து ஒட்டப்போகிறது? ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே, இது தண்ணீருக்குள் இருக்க வேண்டிய மெத்தென்ற வயிறு, இங்கே குத்தினால் கப்பல் செத்துவிடும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த வயிற்றில், சிவப்புக்கு நட்டநடுவில், ஒரு அறையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதுதான் மூன்றாவது பிரிட்ஜ். பிரிட்ஜ் என்றால் கப்பலை நடத்துகிற கட்டுப்பாட்டு அறை.

நிஜ யமாட்டோவில் அப்படி ஒன்று கிடையாது. கடற்கப்பலின் அடியில் கண்ணாடி வைத்து ஆளை உட்காரவைக்க எந்தக் கப்பல்கட்டும் தளமும் ஒத்துக்கொள்ளாது. விண்வெளியில் கீழேயும் பார்க்க வேண்டுமே என்று வரைந்தவர்கள் நினைத்திருக்கலாம். நியாயம்தான். ஆனால் கமிலாஸ் கிரகத்தில் நடக்கும் 24-ம் அத்தியாயத்தில் கப்பல் அமிலக் கடலில் மாட்டிக்கொள்ளும்போது, அந்த மூன்றாவது பிரிட்ஜ் கரைந்து, இணைப்பு இற்று, அப்படியே கழன்று விழுகிறது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த இடத்தை நான்கு முறை பின்னே ஓட்டிப் பார்த்தேன். வெட்டு சுத்தமாக இல்லை. தொங்குகிற பாரமே இணைப்பை இழுத்துக் கிழிக்கிறது. அரித்துப்போன சைலன்சர் கழன்று விழுவதை நேரில் பார்த்தவர்களுக்குப் புரியும்.

அப்புறம் பார்த்தால், அது மறுபடி அங்கேயே தொங்குகிறது! புத்தம் புதுசாக!

"யார்டா மாத்தினது?" என்றேன்.

"மாமா, அது ஜப்பான்லயே பெரிய ஜோக். மூணாவது பிரிட்ஜுக்கு டூட்டி போட்டா ஆள் காலினு சொல்லுவாங்க. ஒவ்வொரு சண்டைலயும் அதுதான் போகும். அடுத்த வாரம் வந்துடும்."

ஜோக் என்று அவன் விட்டுவிட்டான். எனக்கு விட மனசில்லை. பழைய பார்ட் எங்கே, புதுப் பார்ட் பில் எங்கே, போட்டோ எங்கே என்று கேட்பதுதானே என் பிழைப்பு. ஃபைபர் என்றால் முப்பது சதவீதம் தேய்மானம் கழிக்கணும், பிளாஸ்டிக், ரப்பர் என்றால் ஐம்பது. உலோகம் என்றால் வண்டியின் வயசைப் பார்க்கணும். 1941-ல் பணிக்கு வந்த கப்பலுக்கு 2199-ல் என்ன வயசு போடுவது?

விடை கதைக்குள் இல்லை, வரைகிற மேசையில் இருக்கிறது. அந்தக் காலத்து அனிமே, ஒளி ஊடுருவும் தாளில் கையால் வரைந்து வண்ணம் பூசிப் படமெடுத்தது. யமாட்டோ மாதிரி நுணுக்கமான கப்பலை, பீரங்கியும் ஆன்டெனாவும் ஜன்னலுமாக, ஒரு முறை அசைய வைப்பதே பெரும்பாடு. அதனால் கப்பல் திரும்புவது, பீரங்கி சுழல்வது, பாய்ந்து மறைவது போன்ற காட்சிகளை ஒரு முறை நன்றாக வரைந்து சேமித்துவைத்து, வேண்டும்போதெல்லாம் எடுத்து ஒட்டுவார்கள். அந்தச் சேமிப்பில் இருப்பது எப்போதும் அடிபடாத கப்பல். வயிற்றில் ஒரு ஓட்டை போட்டுவிட்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் அதே ஓட்டையை வரைய வேண்டும். சேமித்த காட்சி எதுவும் உதவாது. ஆக, கப்பலைப் பழுதுபார்ப்பதைவிடப் பழுதை வைத்திருப்பதற்குத்தான் செலவு அதிகம். என் தொழிலில் எல்லாம் தலைகீழ். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது. ஒரு காயம் இரண்டு காட்சிக்கு மேல் நிலைத்து நின்றால், அங்கே யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து அதை வேண்டுமென்றே விடாமல் வரைந்திருக்கிறார் என்று மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

சேதத்தைப் பற்றி இந்தத் தொடர் நன்றாக யோசித்த இடங்களும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது 18-ம் அத்தியாயத்தில் வருகிற மிதக்கும் கோட்டை. அதிலிருந்து வரும் மேக்னட்ரான் அலை, உலோகத்தைத் துளைக்காது, உருக்காது. இணைப்புகளைப் பிரித்துவிடும். ஒரு தகடும் இன்னொரு தகடும் சேரும் இடம் எதுவோ அங்கே கழற்றிவிடும். சனாடா என்கிற தொழில்நுட்ப அதிகாரி, மூட்டே இல்லாத ஒரு சிறு விமானத்தைச் செய்து அதில் போகிறார். இதை எழுதியவர் ஒரு பட்டறையில் நாலு நாள் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. தகடு நடுவில் போவது அபூர்வம். போவது எல்லாம் வெல்டிங்கில்தான், ரிவிட்டில்தான்.

இதில் வேடிக்கை, நிஜ யமாட்டோவின் வியாதியும் அதேதான். 1943 டிசம்பர் 25-ம் தேதி, பசிபிக் கடலில் ட்ரக் தீவுக்குப் பக்கத்தில், ஸ்கேட் என்ற அமெரிக்க நீர்மூழ்கி அதன் வலப்பக்கம், மூன்றாவது பீரங்கி மேடைக்கு அருகே ஒரு டார்பிடோவை விட்டது. பக்கவாட்டுக் கவசம் 41 சென்டிமீட்டர் தடிமன். கவசம் உடையவில்லை. மேல் கவசமும் கீழ்க் கவசமும் சேரும் மூட்டு உள்பக்கமாகப் பிதுங்கி, சுமார் 3,000 டன் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஜப்பானின் குரே கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்வாக ஒரு தகட்டை வைத்துத் தேற்றினார்கள். மூட்டின் வடிவம் பழையபடியே இருந்தது. நம்மூர் பட்டறையில் சேசிஸ் வளைந்த வண்டிக்கு மேலே மட்டும் பளபளவென்று அடித்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி என்று சொன்னால் கப்பல் பொறியாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

அந்தக் கப்பலின் கடைசி நாளைப் பையனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் தொடரின் இரண்டாம் அத்தியாயத்திலேயே அது பழங்கதையாக வந்துவிடுகிறது. 1945 ஏப்ரல் 7. ஒகினாவாவை நோக்கிப் போன யமாட்டோவை அமெரிக்க விமானங்கள் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் பிடித்தன. ஆறு மாதத்துக்கு முன் இதே அச்சில் வார்த்த முசாஷி என்ற கப்பலை இரு பக்கமும் மாற்றி மாற்றி அடித்ததில், தண்ணீர் இரு பக்கமும் சமமாக ஏறி அது காலையிலிருந்து மாலை வரை நிமிர்ந்தே நின்றது. இந்த முறை டார்பிடோக்கள் இடப்பக்கத்திலேயே குவிந்தன. சாய்வைச் சரிக்கட்ட வலப்பக்க அறைகளில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஒதுக்கிய அறைகள் நிரம்பியதும் இன்ஜின் அறைகளிலும் கொதிகலன் அறைகளிலும் திறந்தார்கள். அங்கே வேலையில் இருந்தவர்கள் வெளியே வரவில்லை. 2 மணி 23 நிமிடத்துக்குக் கப்பல் புரண்டு, வெடிமருந்து அறை வெடித்தது. 3,300 பேருக்கு மேல் இருந்த கப்பலில் பிழைத்தவர்கள் 300 பேருக்கும் குறைவு.

சர்வேயராகச் சொன்னால், எங்கே எத்தனை அடி என்பதைவிட எந்தப் பக்கம், எந்த வரிசையில் என்பதே அந்தக் கப்பலின் கதையை முடித்தது. அனிமே யமாட்டோவில் எதிரிகள் இந்தப் பாடத்தைப் படித்ததாகவே தெரியவில்லை. கண்ட இடத்தில் சுடுகிறார்கள்.

ஒருவனைத் தவிர. டோமெல்.

22-ம் அத்தியாயம், ஏழு நிற நட்சத்திரக் கூட்டத்துச் சண்டை. டோமெல் ஒரு தளபதி. யமாட்டோவின் முகப்பில் இருக்கும் வேவ் மோஷன் பீரங்கிதான் அதன் பெரிய ஆயுதம், அதன் வாய் திறந்தே இருக்கிறது என்பதைக் கவனிக்கிறான். முதலில் விமானங்களைச் சட்டென்று பக்கத்தில் தோன்றவைத்து மேல்தளத்தை நொறுக்குகிறான். ரேடார் போகிறது, பீரங்கி மேடைகள் போகின்றன. கண்ணையும் கையையும் எடுத்துவிட்டு, கடைசியில் பிரம்மாண்டமான ஒரு துளைப்பான் ஏவுகணையை நேராக அந்த வாய்க்குள் சொருகுகிறான். அது சுழன்று சுழன்று உள்ளே போகிறது. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தாங்காது. ஏவுகணை வெடித்திருந்தால் கப்பல் முன்னிருந்து பின் வரை பிளந்திருக்கும். சனாடாவும் அனலைசர் என்ற ரோபோவும் அதற்குள்ளேயே நுழைந்து, ஒயர்களை மாற்றி, சுழற்சியைத் திருப்பிவிடுகிறார்கள். போன வழியே வெளியே வந்த துளைப்பான் கமிலாஸ் கப்பல் கூட்டத்துக்குள்ளேயே போய் வெடிக்கிறது.

பையன் கைதட்டினான். நான் நிறுத்தினேன்.

"உள்ளே போகும்போது சுத்திச் சுத்திக் குடைஞ்சுக்கிட்டே போச்சுல்ல?"

"ஆமா."

"அப்போ குழாயோட உள்சுவர் முழுக்கக் கீறல் இருக்கும். திரும்பி வரும்போது இன்னொரு தடவை. இன்ஜின் சிலிண்டர்ல இப்படிக் கீறல் விழுந்தா, உள்ளே கடைஞ்சு சரிபண்ணாம ஓட்டுவியா?"

"மாமா..."

"ரெண்டு வாரம் கழிச்சு அதே பீரங்கியால எரிமலையைச் சுடறாங்கடா!"

உண்மைதான். 24-ம் அத்தியாயத்தில், அந்த அமிலக் கடலுக்கு அடியில் மூழ்கி, கமிலாஸின் எரிமலைத் தொடரை நோக்கிச் சுடுவது இதே பீரங்கி. நடுவில் யாராவது உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. டோமெல் சாகும் முன் தன் கலத்தை யமாட்டோவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வெடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமிலம் படுவதற்கு முன்பே அந்த வயிறு ஒரு பெரிய அடி வாங்கியது. மூன்றாவது பிரிட்ஜ் அவ்வளவு லேசாகக் கழன்றதற்கு அமிலம் பாதிக் காரணம், டோமெல் பாதி என்பது என் அறிக்கை. பழைய அடியின் மேல் புது அடி. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைப் பையன் விநோதமாகப் பார்த்தான்.

ரிப்பேர் காட்சிகள் தொடரின் முன்பாதியில் நன்றாகவே இருக்கின்றன. வியாழனில் முதன்முறை பெரிய பீரங்கியைச் சுட்டதும் இன்ஜின் பழுதாகிறது. எதிரி அடித்தது இல்லை, தன் வெடியே தன்னைச் சுட்டது. கோஸ்மோநைட் என்ற தாதுவைத் தேடி சனியின் நிலவான டைட்டனில் இறங்குகிறார்கள். அங்கே பனியில் உறைந்து கிடக்கும் யுகிகஸே என்ற கப்பலை நாயகன் கோடாய் பார்க்கிறான். அவன் அண்ணன் ஓட்டிய கப்பல். அண்ணன் உடல் கிடைப்பதில்லை. உடல் கிடைக்காத ஃபைலை மூடாதே என்பார் என் சீனியர்; கடைசியில் அந்த அண்ணன் இஸ்காண்டரில் உயிரோடு இருக்கிறான். புளூட்டோவில் அடிபட்டுக் கடலுக்குள்ளேயே போய் வந்த பிறகு, விண்பாறைக் கூட்டத்தில் ஒளிந்து, பாறைகளைக் காந்தத்தால் உடம்பெங்கும் ஒட்டிக்கொண்டு, அந்த மறைவில் தகடு மாற்றுகிறார்கள். தேடி வந்தவன் கண்டுபிடித்ததும் அதே பாறைகள் வளையமாகச் சுழன்று கேடயமாகின்றன.

இங்கேதான் எனக்கு இந்தத் தொடரின் கணக்கு பிடிபட்டது. ஒவ்வொரு அத்தியாயமும் முடியும்போது, மனித இனம் அழிய இன்னும் இத்தனை நாள் என்று ஒரு குரல் சொல்கிறது. தகட்டில் காயத்தை வைத்திருக்க அவர்களுக்கு வசதியில்லை. அதனால் காயத்தை நாட்காட்டியில் எழுதுகிறார்கள். டைட்டனில் தாது தோண்டிய நாள், பாறைக்கு நடுவில் ஒளிந்திருந்த நாள், எல்லாம் அந்த எண்ணிக்கையில் கழிகிறது. அடுத்த வாரம் கப்பல் புதுசாகப் பளபளக்கலாம், நாள் குறைந்திருக்கும். பில் வந்திருக்கிறது, பணம் கட்டியிருக்கிறார்கள். மூன்றாவது பிரிட்ஜைத் தவிர.

2012 ஏப்ரல் 7-ல், நிஜக் கப்பல் மூழ்கிய அதே தேதியில், இதன் மறு உருவாக்கமான 'யமாட்டோ 2199' ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்தது. இஸுபுச்சி யுடாகா இயக்கம். என்னைப் போன்ற நச்சரிப்புக்காரர்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் வரிசையாக எடுத்துச் சரிசெய்திருக்கிறார்கள். பழைய யமாட்டோ 265.8 மீட்டர், இத்தனை விமானங்கள் அதற்குள் எப்படி அடங்கும் என்று கேட்டவர்களுக்காக 333 மீட்டராக நீட்டினார்கள். முன்பு கப்பலில் 114 பேர். அந்த ஆள்பலத்தில் தீயை அணைப்பது யார், பிளவை அடைப்பது யார்? இப்போது 999 பேர். ஏன் கப்பல் சாகவில்லை என்பதற்கும் பதில் உண்டு: சுமார் இருபது நிமிடம் தாங்கும் ஒரு அலைத் தடுப்பு.

எல்லாம் சரி. ஆனால் அந்தத் தடுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடி விழுகிறது, நீலமாக மின்னுகிறது, தகட்டில் ஒன்றும் இல்லை. நான் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? பழைய கப்பல் அபத்தமாக உடைந்தது, அபத்தமாக ஒட்டியது, ஆனாலும் உடைந்தது.

பையன் ஊருக்குப் போகும் முந்தின நாள் கேட்டான். "மாமா, இந்தக் கப்பல் டோட்டல் லாஸா?" ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் எங்கள் கணக்கில் டோட்டல் லாஸ். கையில் காகிதம் எடுத்து உட்கார்ந்தோம். மேல்தளம், ரேடார், பீரங்கிக் குழாய், அடிவயிறு. புளூட்டோவிலேயே ஐம்பதைத் தாண்டிவிட்டது. டோமெலுக்குப் பிறகு எந்தக் கம்பெனியும் ரிப்பேருக்கு ஒத்துக்கொள்ளாது. "எழுதிடலாமா?" என்றான். மதிப்பு போட மாற்று வண்டி விலை தெரியணும், மாற்றுக் கப்பல் கிடையாது, அதனால் எழுத முடியாது என்றேன்.

அவன் போன பிறகு, தனியாக நிஜக் கப்பலின் படங்களைப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில் வற்றிய கடலடியில் யமாட்டோ ஒரே துண்டாக, நிமிர்ந்து, மாலை வெளிச்சத்தில் நிற்கும். 1974-ல் வரைந்தவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? 1985-ல்தான் நீர்மூழ்கிக் கலம் இறங்கி, முகப்பிலிருந்த சாமந்திப்பூச் சின்னத்தைக் கண்டு அதுதான் என்று உறுதிசெய்தார்கள். கிட்டத்தட்ட 350 மீட்டர் ஆழம். இரண்டு துண்டு. 2016-ல் குரே நகராட்சி மறுபடி கருவியை இறக்கிப் படமெடுத்தது. பின்பாதி தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது. தண்ணீருக்கு அடியில் மட்டுமே இருக்க வேண்டிய வயிறு, இப்போது மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் படத்தில் நிறுத்தினேன். எந்த ஓட்டை டார்பிடோ போட்டது, எது வெடிமருந்து கிழித்தது, எது எழுபது வருஷத் துரு தின்றது என்று கண் மேயத் தொடங்கியது. விளிம்பு உள்ளே மடிந்திருந்தால் வெளி அடி, வெளியே விரிந்திருந்தால் உள் வெடிப்பு. இரண்டு மூன்று இடங்களில் பிரித்துப் பார்க்க முடிந்தது. மற்ற இடங்களில் மண்ணும் பாசியும் மூடியிருந்தது.